சொல்லாத கடன்

கடனைப் பற்றி மேடையில் நிறையப் பேசியவன் நான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது, அதற்கு முன்பே 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்துவிட்டது, அந்தச் சட்டத்தோடு கொத்தடிமையின் கடனும் செத்துப்போனது என்பதையெல்லாம் தாளைப் பார்க்காமல் சொல்வேன். 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தைப் பற்றித் துண்டறிக்கை எழுதித் தெருத்தெருவாகக் கொடுத்திருக்கிறேன். ஆனால் உன் வீட்டில் எவ்வளவு கடன் என்று யாராவது அந்த மேடையிலேயே கேட்டிருந்தால், ‘எங்க வீட்லயா? அதெல்லாம் கெடையாது தோழர்’ என்று சிரித்திருப்பேன். பொய் சொல்லியிருக்க மாட்டேன். எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்தத் ‘தெரியாது’ என்கிற சொல்லைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

2024 ஆடி மாதம். ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் எங்கள் காலனி. கூட்டத்துக்கான நோட்டீசில் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் தெருப் பெண்கள் நாலுபேர் வந்து வாசல்படியில் உட்கார்ந்தார்கள். உள்ளே வரவில்லை. பேசவுமில்லை. மனு எழுத வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, ‘என்னக்கா, பட்டா விசயமா?’ என்று கேட்டேன். மூன்றாம் வீட்டு அக்கா தலையைக் குனிந்துகொண்டே சொன்னது: ‘ஒங்ககிட்ட ஒண்ணுமில்ல தம்பி. தங்கச்சி வரட்டும்.’

தங்கச்சி என்று அவர் சொன்னது என் துணைவியை. அவள் அடுப்படியை விட்டு வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாலுபேரில் மூத்தவரான பெரியம்மா வாயைத் திறந்தார். ‘யய்யா, போன வாரமும் ஒம் பொண்டாட்டிக்கு நாங்கதான் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டுனோம். இந்த வாரமும் கட்டுன்னா நாங்க எங்க போவோம்? பத்து மணிக்கு வசூல் தம்பி வந்துருவான். மொத்தப் பணமும் சேந்தாத்தான் எங்கள எந்திரிக்க விடுவான். இன்னைக்கு வேலைக்குப் போகணும்யா.’

அவர் சொன்னது குழுக்கடன். நம் தெருக்களில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நகரத்துத் தோழர்களுக்காகச் சொல்கிறேன். பெண்களுக்குத்தான் கொடுப்பார்கள். ஐந்து பேர், பத்துப்பேர் சேர்ந்து குழுவாக வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம், ஈடில்லாத கடன் என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் ஈடு உண்டு. பக்கத்து வீட்டுக்காரியின் முகம்தான் ஈடு. தண்ணீர்க் குழாயில் தினமும் பார்க்கிற முகம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிவருகிற முகம். அந்த முகத்தை அடகுவைத்துத்தான் பணம் வாங்குகிறார்கள். நம் சனங்களுக்குள் இருக்கிற ஒற்றுமையைக்கூட வட்டிக்கு விடத் தெரிந்தவர்கள் இவர்கள். வங்கிகள் நம் காலனிக்குள் வராத காலத்தில் வீடு தேடி வந்தார்கள் என்பதும் உண்மை. அதனால்தான் நம் பெண்கள் அவர்களை ஒரே சொல்லில் திட்டிவிட மாட்டார்கள்.

அன்றைக்கு நான் நோட்டீசு அச்சடிக்க வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தேன். பெண்கள் எழுந்து போனார்கள். போகும்போது மூன்றாம் வீட்டு அக்கா, ‘தம்பிக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் நெனச்சோம்’ என்றது. தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெருவுக்கெல்லாம் மனு எழுதுகிற எனக்கு மட்டும் தெரியவில்லை.

●

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். முதலில் வந்தது கோபம்தான். அதை நல்லவிதமாக எழுத எனக்கு இஷ்டமில்லை. ‘என்னைய ஊருக்கு முன்னால கேணப்பயலாக்கிட்ட’ என்று கத்தினேன். கடனைப் பற்றியல்ல, என் மரியாதையைப் பற்றித்தான் முதல் வார்த்தையே வந்தது என்பதை இப்போது கவனிக்கிறேன். அவள் திருப்பிப் பேசவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்துவிட்டுத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள். தளவாய்புரம் பக்கமிருந்து வருகிற நைட்டித் துணியைப் பீசுக் கணக்கில் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. அன்றைக்கும் பீசு எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது.

மகளின் பழைய கணக்கு நோட்டு அது. முன்பக்கத்திலிருந்து மகளின் கூட்டல் கழித்தல். பின்பக்கத்திலிருந்து அவளுடையது. எம்.ஏ. தமிழில் சுவடிகள் பற்றி ஒரு தாள் எழுதியிருக்கிறேன். பாடபேதம் பார்ப்பது, உரை காண்பது எல்லாம் படித்திருக்கிறேன். என் வாழ்க்கையைப் பற்றி எழுதப்பட்ட ஒரே ஏடு அரிசிப் பானைக்குப் பின்னால் மூன்று வருசமாக இருந்திருக்கிறது.

‘அத்தை ஆஸ்பத்திரி’ என்றுதான் தொடக்கம். 2021-இல் என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து மதுரையில் கிடந்தார். ஆபரேசனுக்குக் காசு வாங்கவில்லை. ஆனால் பஸ், சாப்பாடு, வெளியில் எடுத்த ஸ்கேன், துணைக்கு இருந்த தங்கச்சியின் கூலி நட்டம் என்று ஒரு மாதத்துச் செலவு இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? ‘கையில இருந்துச்சு’ என்று அவள் அப்போது சொன்னாள். கையில் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் குழுக்கடன் அது. அடுத்து மகளின் பள்ளிக்கூடப் பீசு. இங்கிலீஷ் மீடியத்தில்தான் படிக்க வேண்டும், நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ்தான் ஆயுதம் என்று பிடிவாதமாக முடிவெடுத்தவன் நான். முடிவு என்னுடையது, பீசு அவளுடையது. இரண்டாவது குழு. முதல் இரண்டையும் கட்டுவதற்கு மூன்றாவது குழு.

இடையில் ஒரு வரி. ‘அவுக கூட்டம் 5,000.’ தேதியைப் பார்த்தேன். 2022 ஏப்ரல். அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்துக்கு மைக்செட்டுக்கும் பந்தலுக்கும் கடைசி நேரத்தில் பணம் குறைந்தது. வீட்டுக்கு ஓடிவந்து கேட்டேன். அவள் வெளியே போய் அரைமணி நேரத்தில் வந்து கொடுத்தாள். அன்றைக்கு மாலை அந்த மைக்கில் நான் கந்துவட்டியைப் பற்றிப் பேசினேன். அந்த ஐயாயிரம் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த வரியில் இருந்தது: பத்து வட்டிக்கு வாங்கிய இருபதாயிரத்தில் ஒரு பகுதி. நூற்றுக்கு மாதம் பத்து. மாதம் இரண்டாயிரம் வட்டி, இருபத்தாறு மாதம், ஐம்பத்திரண்டாயிரம். அசல் அப்படியே நின்றது.

கடைசிப் பக்கத்தில் கூட்டிப் போட்டிருந்தாள். மூன்று குழுவிலும் பாக்கி தொண்ணூற்றெட்டாயிரம். மூன்றும் ஒரே தெருவில் இல்லை. ஒன்று பக்கத்துக் காலனியில். அதற்காகத்தான் வாரம் ஒருநாள் ‘எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வாரேன்’ என்று போயிருக்கிறாள். கைக்கடன் இருபதாயிரம். ‘செயின் 50,000.’ நான் திரும்பி அவள் கழுத்தைப் பார்த்தேன். செயின் இருந்தது. ‘கவரிங்’ என்றாள் மெஷினை நிறுத்தாமல். ஒரு வருசமாகக் கவரிங் போட்டிருக்கிறாள். மொத்தம் 1,68,000 ரூபாய். அச்சகத்தில் பிழைதிருத்தியும் டியூசன் எடுத்தும் மாதம் ஒன்பதாயிரம் கொண்டுவருகிறவன் நான். அதில் பாதி பஸ்சுக்கும் அமைப்புக்கும் போகும். மீதியை அவள் கையில் கொடுப்பேன். ‘இது பத்துமா?’ என்று ஒருதடவைகூடக் கேட்டதில்லை.

கேட்டேன், ‘ஏன் எங்கிட்டச் சொல்லல?’

‘சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? வட்டிக்கு வாங்காதேன்னு ஒரு மணி நேரம் பேசியிருப்பீங்க. நீங்க பேசுறது சரிதான். அன்னைக்கு ராத்திரிக்கு அத்தைக்கு மருந்து வாங்கணும்ல.’

கொஞ்சம் கழித்து அவளே சொன்னாள்: ‘ஒளிக்கவும் இல்ல. நீங்க கையெழுத்துப் போட்டீங்க.’

அதுதான் என்னை அடித்தது. குழுக்கடனுக்குக் கணவனின் ஆதார் நகல் வேண்டும், வாரிசுதாரர் என்ற இடத்தில் கையெழுத்து வேண்டும். 2022-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகளின்படி கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்த குடும்ப வருமானத்தைத்தான் பார்க்க வேண்டும். எல்லாக் கடனுக்குமான மாதத் தவணை அந்த வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. என் வருமானமும் அந்தக் காகிதத்தில் ஏதோ ஒரு தொகையாக எழுதப்பட்டிருக்கிறது. மூன்று தடவை அவள் தாளை நீட்டியிருக்கிறாள், மூன்று தடவையும் போன் பேசிக்கொண்டோ சட்டையை மாட்டிக்கொண்டோ போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதிகாரி நீட்டுகிற தாளை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறவன் நான். மனைவி நீட்டுகிற தாளில் வாசிக்க என்ன இருக்கப்போகிறது என்று நினைத்திருக்கிறேன். காகிதத்தில் நான் இருந்தேன். கணக்கில் நான் இல்லை.

●

இந்த இடத்தில் ‘நானே குற்றவாளி’ என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கட்டுரையை முடித்துவிடலாம். நம் பத்திரிகைகளில் ஆண்கள் இப்படி முடிப்பதுண்டு. அதுவும் ஒருவகைச் சுகம்தான். ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. கணவனோ மனைவியோ கடனை மறைத்தால் அது என்ன வகைத் தப்பு? எல்லா மறைப்பும் ஒன்றுதானா?

எங்கள் அமைப்பில் ஒரு பெண் தோழர் இருக்கிறார். சத்துணவில் வேலை. அவர் கணவர் சீட்டுப் பிடித்து நட்டப்பட்டு, அதைச் சரிக்கட்ட மேலும் மேலும் வாங்கி, கொஞ்சத்தைக் குடித்தும் அழித்தார். ‘ஒரு சாமீன் கையெழுத்து’ என்று சொல்லி இவரிடம் வாங்கிக்கொண்டார். சம்பளத்தில் பிடித்தம் வந்த மாதம்தான் இவருக்கே தெரிந்தது. என் கதையை இவரிடம் சொன்னேன். ‘ரெண்டும் ஒண்ணில்ல தோழர்’ என்றார். ‘எங்க வீட்டுக்காரரு பணத்த அழிச்சதக்கூட நான் மறந்துட்டேன். அடுத்த வருசம் என்ன செய்யலாம், பிள்ளைய எங்க சேக்கலாம்னு நானா உக்காந்து திட்டம் போட்டேன் பாருங்க, அத்தனையும் இல்லாத பணத்த வச்சுப் போட்ட திட்டம். அத அவரு பாத்துக்கிட்டே இருந்தாரு. அதத்தான் மறக்க முடியல.’

இதைவிடத் தெளிவாக எந்தத் தத்துவ நூலிலும் நான் படித்ததில்லை. மறைத்த கடனில் களவு போவது பணம் மட்டுமல்ல. மற்றவரின் முடிவெடுக்கும் உரிமை. தன் வாழ்க்கையைத் தான் தீர்மானிப்பதாக ஒருவர் நம்பிக்கொண்டிருக்கும்போது, அந்தத் தீர்மானத்துக்கு அடியிலிருக்கிற தரையை இன்னொருவர் சத்தமில்லாமல் உருவிவிடுகிறார். அந்தவகையில் என் துணைவியும் எனக்கு ஒரு தப்புச் செய்திருக்கிறாள். அதை நான் சொல்லத்தான் வேண்டும்; சொல்லாமல் விடுவது அவளை மதிப்பதாகாது, தியாகியாக்கி மூலையில் உட்கார வைப்பதாகும். அம்மாவின் வைத்தியம் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருந்தால் நான் டவுனில் முழுநேர வேலைக்குப் போயிருக்கலாம். போயிருக்காமலும் இருந்திருக்கலாம். எப்படியோ, அந்த முடிவை எடுக்கிற வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. இதை அவளிடம் சொன்னேன். ‘அது தப்புத்தான்’ என்று ஒத்துக்கொண்டாள்.

ஆனாலும் தோழர் சொன்னதுபோல ரெண்டும் ஒன்றில்லை. கடன் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். அது வெளியே தெரிந்தால் அடி யாருக்கு விழும் என்று பார்க்க வேண்டும். அதையும்விட, கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்குமா என்று பார்க்க வேண்டும். தோழரின் கணவர், கேட்டபோதெல்லாம் பொய் சொன்னார். என் துணைவியிடம் கேட்கவே ஆளில்லை. கேட்டதற்குப் பொய் சொல்வதும், கேட்காததால் சொல்லாமல் இருப்பதும் வேறு வேறு. பெண்ணின் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு ‘வீட்ட அவ பாத்துக்குவா’ என்று பெருமையாகச் சொல்கிறோமே, அது அவளுக்குக் கொடுத்த அதிகாரமல்ல. பற்றாக்குறையை அவள் தலையில் கட்டிவிட்டு, அதன் பாரத்தைப் பார்க்காமலிருக்க நாம் கண்டுபிடித்த வழி.

●

எங்கள் பாட்டியின் காலத்தில் கடனை மறைக்க முடியாது. தாத்தா தன் கல்யாணத்துக்கு வாங்கிய நெல்லுக்காகப் பண்ணையில் கிடந்தார். அந்தக் கடன் ஊருக்கெல்லாம் தெரியும். தெரிய வேண்டும் என்பதுதான் அந்தக் கடனின் வேலையே. ‘இன்னாரு எங்க ஆளு’ என்று பண்ணை சொல்வதற்கு அது கழுத்துக்கயிறு. பாட்டி ஒரு சேலையைப் புதிதாகக் கட்டினால், ‘கடன் இருக்கையில இவளுக்குச் சேல கேக்குதோ’ என்று களத்துமேட்டில் வைத்துக் கேட்பார்களாம். கடனை மறைக்கிற அளவுக்கு ஒரு மரியாதை எங்கள் குடும்பத்துக்கு என் தலைமுறையில்தான் வந்தது. படித்தவன், பேச்சாளன், தலைவர் வீடு. அந்த மரியாதையைக் காப்பாற்றுவதற்கு ஒருத்தி கவரிங் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே, மறைப்பதெல்லாம் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். கடன்பட்டவரைக் கூனிக்குறுக வைக்கிற ஒரு சமூகத்தில் மறைப்பது ஒரு தற்காப்பு. ஆனால் யாரிடமிருந்து தற்காப்பு? பண்ணையிடமிருந்து மறைத்தால் புரிகிறது. என்னிடமிருந்து மறைக்க வேண்டியிருந்தது என்றால், அந்த வீட்டுக்குள் களத்துமேட்டில் நின்று கேட்கிற ஆளாக நான் இருந்திருக்கிறேன்.

தமிழ் படித்தவனுக்குக் ‘கடன்’ என்ற சொல்லே சிக்கலானது. பழைய தமிழில் அதற்குக் கடமை என்று பொருள். புறநானூற்றின் 312ஆம் பாட்டை வகுப்பில் எத்தனை தடவை படித்திருப்போம்! தாய்க்கு ஒரு கடன், தந்தைக்கு ஒரு கடன், கொல்லனுக்கு, வேந்தனுக்கு, மகனுக்கு என்று வரிசையாக வரும். கணவனுக்கும் மனைவிக்கும் இடையிலான கடன் அந்தப் பட்டியலில் கிடையாது. போருக்குப் பிள்ளையை அனுப்புகிற பாட்டில் அதற்கு இடமில்லை என்று வாத்தியார் சொல்லக்கூடும். ஆனால் பிள்ளை பெற்று வளர்ப்பதை மட்டும் பெண்ணின் கடனாகச் சொல்லிவிட்டு, அவளுக்கு யார் கடன்பட்டிருக்கிறார்கள் என்று சொல்லாமல் போவது ஒரு பாட்டோடு நின்றுவிடவில்லை. இன்றைக்கும் நம் வீட்டுக் கணக்கு அப்படித்தான் நடக்கிறது.

இன்னொரு பக்கம் மனுஸ்மிருதி இருக்கிறது. எட்டாம் அத்தியாயத்தில் வட்டிக்கு விதி சொல்கிறது: பிராமணனிடம் மாதம் நூற்றுக்கு இரண்டு, சத்திரியனிடம் மூன்று, வைசியனிடம் நான்கு, சூத்திரனிடம் ஐந்து. கீழே இறங்க இறங்க வட்டி ஏறும். அதற்கும் வெளியே நிறுத்தப்பட்ட நமக்கு அதில் விகிதமே இல்லை. அந்த விகிதத்தைத் தெரிந்துகொள்ள நான் சாஸ்திரத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை, என் மனைவியின் நோட்டில் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஊருக்குள் அஞ்சு வட்டி. காலனிக்குள் பத்து வட்டி.

அந்தப் பத்து வட்டிக்காரர் யார் என்பதையும் எழுதியாக வேண்டும். மேல்சாதிக்காரர் என்றால் எழுதுவது சுலபமாக இருக்கும். அவர் நம் காலனிக்காரர். எங்கள் கூட்டங்களுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவர். அந்த ஏப்ரல் கூட்டத்திலும் இருந்தார். நான் கந்துவட்டியை எதிர்த்துப் பேசியபோது கைதட்டினாரா என்று எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகமில்லை. ஊருக்குள் அஞ்சு வட்டிக்கு வாங்கிவந்து காலனிக்குள் பத்துக்கு விடுகிறார். நடுவிலிருக்கிற அஞ்சுதான் அவர் பிழைப்பு. ஏணியில் நமக்கு மேல்படியில் ஒரு கால், கீழ்ப்படியில் ஒரு கால்.

●

2003 சட்டத்தின்படி அவர்மேல் வழக்குப் போடலாம். மூன்று வருசம் வரை சிறை, முப்பதாயிரம் வரை அபராதம். துண்டறிக்கையில் நானே எழுதியதுதான். போடலாம் என்று கிளம்பினேன். என் துணைவி தடுத்தாள். ‘அவரப் பிடிச்சு உள்ள வச்சுட்டா, நாளைக்கு நடுராத்திரி எவ பிள்ளைக்காவது வலிப்பு வந்தா யாருகிட்டப் போவா? ஒங்க சட்டம் குடுக்குமா?’ எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் முழுசாகத் தெரியவில்லை. வட்டிக்காரரைத் தண்டிக்கிற சட்டம் இருக்கிறது, வட்டிக்காரர் தேவைப்படாத ஒரு ஏற்பாடு இல்லை. 2025-இல் கட்டாய வசூலைத் தடுக்க தமிழ்நாட்டில் இன்னொரு சட்டமும் வந்தது. வரவேற்க வேண்டியதுதான். வாசலில் வந்து உட்கார்ந்தவர்கள் பக்கத்து வீட்டுப் பெண்களாக இருந்தால் அந்தச் சட்டம் யார்மேல் பாயும்?

சட்டத்தை நம்பிப் போனவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் நாம் பார்த்தோம். 2017 அக்டோபர் 23, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம். கணவன், மனைவி, இரண்டு சின்னஞ்சிறு பெண் பிள்ளைகள். தீயில் கருகினார்கள். அவர்கள் கடனை யாரிடமும் மறைக்கவில்லை. மனுவுக்கு மேல் மனுவாகக் கொடுத்துச் சத்தமாகச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நான் ஆவேசமாகக் கவிதை எழுதினேன். கடனைச் சொன்னால் மட்டும் போதாது, கேட்கிற காது வேண்டும் என்பது அந்தச் சாவுகளின் பாடம். அரசுக்குக் காது இல்லை என்று எழுதிய எனக்கு, அரிசிப் பானைக்குப் பின்னால் கேட்கவில்லை.

கடைசியில் வழக்குப் போடவில்லை. நாங்கள் இரண்டுபேரும், குழுவின் நாலு பெண்களும், நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். என் துணைவிதான் பேசினாள். இருபத்தாறு மாத வட்டியைத் தேதிவாரியாக வாசித்தாள். அவர், ‘அடுத்தவங்க காதுல போட்டுட்டியேம்மா’ என்றார். அவருக்கும் மானம்தான் பிரச்சினை. அசலைப் பத்து மாதத் தவணையாக, வட்டி இல்லாமல் வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டார். கணக்குப்படி பார்த்தால் அவர்தான் எங்களுக்குத் திருப்பித்தர வேண்டும். இது நியாயமான தீர்வு என்று நான் சொல்லவில்லை. தெருவில் வாழ்ந்தாக வேண்டியவர்கள் கண்டுபிடித்த தீர்வு. தோழர்கள் சிலர் இதைச் சமரசம் என்பார்கள். அப்படிச் சொல்லிக்கொள்ளட்டும்.

நான் டவுனில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். கூட்டங்கள் பாதியாகக் குறைந்தன. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்த நோட்டை நடுவில் வைத்து உட்காருகிறோம். முதல் ஒன்றிரண்டு மாதம் அது விசாரணை மாதிரித்தான் இருந்தது. நான் கேள்வி கேட்பேன், அவள் பதில் சொல்வாள். ஒருநாள் அவள் பேனாவை என் பக்கம் தள்ளி, ‘இந்த வாரம் ஒங்க செலவ நீங்க எழுதுங்க’ என்றாள். டீ, பஸ், பத்திரிகைச் சந்தா, தோழருக்குக் கைமாற்று என்று எழுத எழுதக் கூசியது. கணக்குச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் மட்டும்தான் எதையோ மறைத்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, என் பக்கத்திலும் ஒரு நோட்டு எழுதப்படாமலே கிடந்திருக்கிறது.

●

அம்பேத்கரை நாம் சட்டம் எழுதியவராக, புத்தகம் எழுதியவராகத் தூக்கிப் பிடிக்கிறோம். 1928-இல் அவர் ‘பகிஷ்கிருத பாரத்’ இதழின் கடனைப் பற்றி மராத்தியில் ஒரு கட்டுரை எழுதினார். இதழ் கடனில் ஓடுகிறது; அது ஒரு தனி மனிதனின் கடனா, மக்களின் கடனா என்பது கேள்வி. பொதுப்பணத்தைக் கேட்கிற அந்தக் கட்டுரையில் தன் வீட்டையும் திறந்து காட்டுகிறார். தான் வெளிநாட்டில் படித்தபோது குடும்ப பாரம் முழுவதையும் மனைவி சுமந்ததை, திரும்பி வந்தபிறகும் கஷ்ட காலத்தில் சாணிக்கூடையைத் தலையில் தூக்கியதை, அப்படிப்பட்டவருடன் ஒரு நாளில் அரைமணி நேரம்கூட இருக்க முடியாமல் போனதை எழுதுகிறார். ரமாபாய் 1935-இல் இறந்துபோனார். பிறகு வந்த பாகிஸ்தான் பற்றிய நூலை அவர் நினைவுக்குத்தான் அம்பேத்கர் அர்ப்பணித்தார். இயக்கத்தின் கடனும் வீட்டின் கடனும் ஒரே பேரேட்டில்தான் வரும் என்பதை அந்த மனிதர் 1928-லேயே சொல்லிவிட்டார். நாம் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம், அந்த மாலை எந்த வட்டியில் வந்தது என்று கேட்பதில்லை.

ஆகவே தோழர்களே, நான் ஒரு சின்ன விசயத்தைத்தான் கேட்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு நன்கொடை வசூலிக்கும்போது, முழுநேர ஊழியராக வாங்க என்று ஒரு பையனைக் கூப்பிடும்போது, அவன் வீட்டில் யார் தைக்கிறார்கள், யார் பீடி சுற்றுகிறார்கள், யார் குழுவில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்போம். அவனிடம் மட்டும் கேட்காமல் அவன் வீட்டுக்குப் போய்க் கேட்போம். கணக்குக் கேட்பதை அவமானமாகவும் கணக்குச் சொல்வதை அடிமைத்தனமாகவும் நமக்குப் பழக்கியவர்கள் பண்ணைக்காரர்கள். சமமாக இருக்கிற இரண்டுபேர் ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்வது வேறு. அதற்கு நம்மிடம் இன்னும் பழக்கமில்லை.

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் என் துணைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சம்மதமில்லாமல் அவள் நோட்டைத் திறக்க எனக்கு உரிமையில்லை. மெஷினை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டாள். தலைப்பு முதலில் ‘ஒளித்த கடன்’ என்றிருந்தது. ‘ஒளிச்ச மாதிரி எழுதாதீங்க, சொல்லலன்னு போடுங்க’ என்றாள். மாற்றிவிட்டேன். அப்புறம் தொகையைச் சரிபார்த்தாள். வட்டிக்காரருக்கான பத்துத் தவணையும் முடிந்தது, ஒரு குழுவில் முழுசாக அடைத்தாகிவிட்டது, இரண்டு குழுவில் இன்னும் பாக்கி இருக்கிறது என்று எழுதச் சொன்னாள். செயின் இன்னும் அடகில்தான் இருக்கிறது. அதையும் எழுதச் சொன்னாள்.